கடுவெட்டுக்கு முன்

குலசேகரத்திலிருந்து திருவட்டாறுக்கு பஸ்.
மடியில் மஞ்சள் பை.
பட்டா, வரி ரசீது, செல்லையனின் இறப்புச் சான்று,
கூடவே ஒட்டுப்பால் நாற்றம்.
எந்த ஆபீசுக்குப் போனாலும் அது எனக்கு முன்னே போகும்.

பக்கத்து சீட்டில் வல்சலா.
பத்தொன்பது வருஷமாக என் கடையில் ஷீட் பிரிக்கிறாள்.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு பார்வை:
நாலாம் தரம், அஞ்சாம் தரம்.
சொன்னால் சொன்னதுதான்.
கடைக் கடுதாசி எதுவானாலும்
சாட்சிக் கையெழுத்து அவளுடையது.

ஆவண எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்,
"உயிலா, செட்டில்மென்டா?
செட்டில்மென்டுன்னா இன்னைக்கே கைமாறிடும்."
உயில், என்றேன்.
மனசு மாறும் உரிமை
இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும்.

தெக்கே விளை, எண்பத்திரண்டு சென்ட், ஷிபினுக்கு.
மஸ்கட்டிலிருந்து போன் செய்தால்
சென்ட் விலைதான் முதலில் கேட்பான்.
விற்கட்டும்.
வீடு ஜெனிஷாவுக்கு.
அயர்லாந்தில் அவள்
யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டுகிறாள்.

பிறகு உடம்பு.
அதற்குத் தனிக் கடுதாசி, தனி முத்திரை.
வாசகம் தெரியாமல் எழுத்தர் தயங்கினார்.
நான் சொல்லிக்கொடுத்தேன்:

முறிக்கப் போகிற ரப்பரை
குத்தகைக்காரன் கடுவெட்டு வெட்டுவான்.
ஏணி சாத்தி, மேலே, கீழே, ரெண்டு பக்கமும்,
பட்டையில் மருந்து பூசி,
உள்ளே கிடக்கும் கடைசிச் சொட்டு வரைக்கும்.
மரம் நிற்கும்.
மரம் என்று சொல்ல வாய் வராது.
செல்லையனை நாகர்கோவிலில்
நாற்பத்தொரு நாள் அப்படி வெட்டினார்கள்.
தினமும் காலையில் சம்மதம் என்று
ஒப்பிட்டவள் நான்.

எனக்கு வேண்டாம்.
குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம்.
வலிக்கு மருந்து, உதட்டுக்கு ஈரத்துணி.

"இதையெல்லாம் நீங்க சொல்ல முடியாதப்போ
சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணுமே?"
பிள்ளைகள் போனில் அழுவார்கள்.
அழுகைக்கு நடுவில்
எல்லாம் செய்யுங்க டாக்டர் என்பார்கள்.
ரெத்தினபாய், என்றேன்.
என் நாத்தனார்.
ஒன்றரையடிக் கய்யாலைக்காகப்
பதினோரு வருஷம் பத்மநாபபுரம் கோர்ட்டில்
எனக்கு எதிரே நின்றவள்.
ஒரு வரி விடாமல் வாசிப்பாள்.
எழுதியிருந்தால் எழுதியபடி நிற்பாள்.
அன்றைக்கு அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று
"போதும், விட்டிரு" என்று சொன்ன ஒரே ஆள்.
கய்யாலைக்காக அல்ல,
அந்த வார்த்தைக்காகத்தான் பேச்சை முறித்தேன்.
நேற்றுப் போய்க் கேட்டபோது
காப்பி தந்தாள், சீனி போடாமல்.
எனக்கு சுகர் வந்தது இவளுக்கு யார் சொன்னது?

கடைசியில் கடை.
குடோன், தராசு, புகைப்புரை,
வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி.
லைசென்ஸ் புதிதாக எடுக்கணும்,
அதற்கும் பேங்கில் கொஞ்சம் ஒதுக்கியாயிற்று.
பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.
எழுத்தர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு
எழுதினார்.

சாட்சிக்கு ஆள் என்றதும்
பேனா மூடியைக் கழற்றியபடியே
வல்சலா உள்ளே வந்தாள்.
"நீ வேண்டாம்."
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரும்
வேறேதோ பத்திரத்துக்கு வந்திருந்த ஒருவரும்
ஒப்பிட்டார்கள்.
அவள் மூடியைத் திரும்ப மாட்டினாள்.
மாட்டிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக ரப்பர்,
மழைக்குக் கவிழ்த்த சிரட்டைகள்.
பாதி வழியில், தலையைத் திருப்பாமல் கேட்டாள்:
"சொத்து கிட்டுறவங்க
சாட்சி போடப்பிடாதுன்னு சட்டம் உண்டா?"

"உண்டு."

பஸ் ஒரு வளைவு திரும்பி முடித்தது.

"நாளைக்கு லாரி வருது.
நாலாம் தரத்தில் முந்நூறு கிலோ குறைவு,"
என்றாள்.