மெய்ப்பு

முப்பத்தொரு வருஷம்
செபொக்சாரி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன்.
சுவாஷ் எழுத்தின் வால்களும் பிறைகளும்
ஈயத்திலிருந்து கணினிக்கு வந்தபோது
உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிப் பொருத்தியவள்.

என் மெய்யில் கிடந்ததை மட்டும்
வேறொருத்தி படிக்க வேண்டியிருந்தது.

முதல் பிழை மூலப்பிரதியிலேயே உண்டு.
மூன்றாம் குரோமோசோமில் ஓர் எழுத்து.
அப்பாவுக்கு ஒரு பிரதியில், அம்மாவுக்கு ஒரு பிரதியில்;
இருவரும் சாகும்வரை வெளிறிய, சாதாரண மனிதர்கள்.
எனக்கும் தம்பி ஹ்வெதெருக்கும்
இரண்டு பிரதியிலும் அதே பிழை.
காற்று போதவில்லை, போதவில்லை என்று
ஜன்னல் திறந்த வீட்டிலிருந்து கூவும் உடம்பு.
பள்ளியில் எங்களுக்கு பீட்ரூட் என்று பெயர்.
அவன் முப்பத்தெட்டில், வாசலில் பனி வாரும்போது,
மூளைக்குள் இரத்தம் உறைந்து
மண்வெட்டிமேல் சாய்ந்தான்.
நான், நாளத்தைத் திறந்து
மாதம் நானூறு மில்லி இறக்கிவிட்டு
வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அறுபதில்தான் அரிப்பு தொடங்கியது.
வெந்நீரில் குளித்துத் துண்டை எடுத்தால்
கண்ணுக்குத் தெரியாத சுணை உடம்பெங்கும்.
"பழைய வியாதியின் குணமில்லையே இது" என்றார்
அல்பினா வித்தாலியெவ்னா.
இரத்தம் எடுத்தார். அப்புறம்
நகம் வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்.

நகத்தில் முதல் பிழை இருந்தது.
இரண்டாவது இல்லை.
அது இரத்தத்தில் மட்டும்.
எலும்புக்குள், எந்த இரவிலோ,
ஏதோ ஒரு செல் தன்னைப் படியெடுக்கையில் கை வழுகி
ஒன்பதாம் குரோமோசோமில் ஓர் எழுத்து மாறி,
அந்தத் தாள் மட்டும்
நிறுத்தச் சொல்ல ஆளின்றி
அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

வேடிக்கை: இரண்டு இடத்திலும்
வந்து உட்கார்ந்திருப்பது அதே 'டி'.

முதலாவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.
கல்லறைக்குப் போய், முட்டையை உரித்து வைத்துவிட்டு,
பக்கத்து ஊரில் ஏன் பெண் எடுத்தாய் என்று
அப்பாவிடம் சண்டை பிடிக்கலாம்.
இரண்டாவதற்கு யாரைக் கேட்பது?

மகள் தொலைபேசியில் கேட்டாள்:
"எது எனக்கு வரும்?"
"தாத்தா பாட்டியுடையதில் ஒரு பிரதி
எப்போதோ வந்தாயிற்று. உன்னை ஒன்றும் செய்யாது."
"மற்றது?"
"அது என்னுடையது."
சொன்ன குரலில் சற்றுப் பெருமை இருந்ததோ என்னவோ,
அவள் பேசாமல் இருந்தாள்.

முடிவுத்தாளில் என் குடும்பப் பெயரில்
ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
பையில் சிவப்புப் பேனா எப்போதும் உண்டு.
ஓரத்தில் குறியிட்டு
ஜன்னல் வழியே திருப்பி நீட்டினேன்:
இதையாவது.

செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.