உப்புப் பார்த்தது

வீட்டுத் தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும்.
அதனால் கழனிவாசல் ரைஸ்மில்லில்
நெல்மூட்டை இறங்கியதும் நான் ஏறினேன்.
நூற்று முப்பத்தெட்டு.
தவிடு படிந்த சீட்டில் எழுதித் தந்தார்கள்,
சரக்கு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு.

அந்தச் சீட்டைத்தான் நீட்டினேன்
செக்காலை ரோட்டு மாடியில்,
எனக்கு மூச்சு வாங்கி முடியும்வரை
பேசாமல் காத்திருந்த ஜெசிந்தாவிடம்.
மதுரை டாக்டர் கத்தியை எடுக்குமுன்
இந்த டயட்டீஷியனின் கையெழுத்து வேண்டுமாம்.

"என்ன சாப்பிடுவீங்க?"
பொய் சொல்லவில்லை.
காலையில் டீ.
மதியம் கடைசிப் பந்தி எழவே நாலாகும்,
பசி செத்திருக்கும்.
ராத்திரி தயிர்சாதம், இரண்டு கை.
அவள் பேனா சர்க்கரையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி,
தூக்கத்தில் நின்று நின்று வரும் மூச்சைத் தாண்டி
தொழில் என்ற இடத்தில் வந்து நின்றது.
"கல்யாணச் சமையலா?"
இருபத்தாறு வருஷம்.
"அப்ப நடுவுல?"
நடுவில் என்ன, உப்புப் பார்ப்பேன்.
அது சாப்பாடு இல்லையே.

அவள் சிரிக்கவில்லை.
ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே
சோறு கிடையாது என்றாள்.
ஈரலில் கொழுப்பு, அது சுருங்கினால்தான்
உள்ளே கருவி போக வழி.
பிராய்லர் ஈரல் சிலது மஞ்சளாக வரும் என்றேன்.
தொட்டால் கரையும், கத்தியில் அப்பும்,
குழம்புக்கு ஆகாதென்று எறிந்துவிடுவோம்.
எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.
"அதேதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து,
"உங்களோடத எறிய முடியாது."

பிறகு ஒரு வேலை தந்தாள்.
அடுத்த விசேஷத்தில்
நாக்குக்குப் போகிற ஒவ்வொன்றுக்கும்
அதே அளவு ஒரு பாத்திரத்துக்கும் போகவேண்டும்.

பள்ளத்தூரில் அறுபதாம் கல்யாணம். முந்நூறு இலை.
அடுப்புக்கு இடப்பக்கம் பஞ்சவர்ணத்தின் தூக்குவாளி.
கவுனி அரிசி வெந்ததா என்று ஒரு கரண்டி,
சர்க்கரை பிடித்ததா என்று ஒன்று,
நெய் விட்டபின் ஒன்று.
(அந்த மூன்றாவது எதற்கு?
இருபத்தாறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.)
மண்டியில் புளி தூக்கலா.
பணியாரம் முதல் ஈடு, உடைந்தது, நுனி கருகியது.
முந்திரி வறுக்கும்போது, சும்மா.
குருமாவில் தேங்காய் பச்சை வாடை போக
நாலுமுறை.

பத்தரைக்கு வாளி பாதி.
முகூர்த்தம் முடிந்து மேளம் ஓய்ந்தபோது
மூடி உட்காரவில்லை.

"இது யாருக்கு மாஸ்டர்?"
பாத்திரம் கழுவ வந்த பையன் எட்டிப் பார்த்தான்.
பாயசத்தில் மிதக்கும் குருமா,
புளியில் ஊறிய பணியாரம்,
எல்லாவற்றின் மேலும் உறைய ஆரம்பித்த நெய்.
"நாய்க்கா?"
எனக்கு என்றேன்.
விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம், வேனின் பின்சீட்டில்,
தூக்கைத் தொடையிடுக்கில் தளும்பாமல் பிடித்தபடி
யோசித்தேன்.
இனி என் வயிறு வாழைப்பழம் அளவுதான் இருக்குமாம்.
ருசி பார்த்துத் துப்பலாம் என்கிறாள் அந்தப் பெண்.
துப்பலாம்தான்.
சமைத்ததைத் துப்புகிற வாயை
எந்த அடுப்புக்கு முன்னால் வைத்துக்கொள்வது?

அது அவளுக்குத் தெரியவில்லை, கேட்டேன்.
தெரியாது என்று சொன்னதால்
அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவள் தந்த நோட்டில்
அன்றைய பக்கத்தைத் திறந்தேன்.
உப்புப் பார்த்தது என்று எழுதி,
அடித்துவிட்டு,
மறுபடி எழுதினேன்:

காலை ஐந்தரை முதல் பகல் ஒன்றரை வரை.
பள்ளத்தூர். அடுப்படி. நின்றுகொண்டே.
சாப்பிட்டேன்.

கீழே இடம் இருந்தது.
குருமாவில் உப்பு ஒரு கல் குறைவு
என்பதையும் எழுதிவைத்தேன்.