முந்நூற்றுப் பன்னிரண்டாம் மணி

வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.
ஏறிவிட்டால் பெயின்ட் பளபளவென்று பொய் சொல்லும்.
அதனால் ஆறரைக்கே கே.கே. நகரில்
நீலமேகம் வீட்டு போர்ட்டிகோவில்
மண்டியிட்டிருக்கிறேன்
ஒரு போர்ஷேயின் முன்னால்.

வாங்க வந்தவர் ராஜபுஷ்பம்.
செல்லூரில் ஐஸ் கம்பெனி. வயது ஐம்பத்து மூன்று.
கூலிங் கிளாஸைக் கழற்றாமலே காபி வேண்டாமென்றார்.
"உங்க வேலைய நீங்க பாருங்க தம்பி,
நான் சும்மா நிக்கிறேன்."
சும்மா நிற்கவில்லை.
என் கை போன இடமெல்லாம் அவர் கண் போனது.

கதவில் நூற்றுப் பதினெட்டு மைக்ரான்.
கூரையில் நூற்றுப் பன்னிரண்டு.
கம்பெனி பெயின்ட்தான், தொடவில்லை யாரும்.
பம்பரில் கருவி வாய் திறக்காது,
அது பிளாஸ்டிக்.
அங்கே விரல் நகத்தைத்தான் நம்ப வேண்டும்.

முன் உதட்டின் அடியில் ஏழெட்டுக் கீறல்.
மெயின் ரோட்டிலிருந்து இந்த கேட் வரை
வேகத்தடைகளை வரும்போதே எண்ணியிருந்தேன்: ஏழு.
கணக்கு சரி.
டயர் ஓரத்தில் நாலு இலக்கம்,
பத்தொன்பதாம் வருஷம், இருபத்திரண்டாம் வாரம்.
பட்டன் தேயவில்லை.
ஆனால் ரப்பருக்கு
நிற்க வைத்தாலும் வயசாகும்.
"நாலும் மாத்தணும். ரெண்டு லட்சம் வைங்க."
ராஜபுஷ்பம் போனில் எதையோ தட்டிக் கழித்துக்கொண்டார்.

ஏர் பில்டரைத் தட்டினேன்,
வெள்ளையாக உதிர்ந்தது மேலூர்.
நீலமேகத்தின் குவாரி மூடி நாலு வருஷம்.
ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை,
என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

"எட்டாயிரம் கிலோமீட்டர்தான் சார்.
பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்.
ஒரு தடவகூட விரட்டினதில்ல."

லேப்டாப்பைச் செருகினேன்.
எஞ்சினுக்குத் தேதி தெரியாது,
திங்களா வெள்ளியா தெரியாது,
தான் ஓடிய மணிகளை மட்டும்
எண்ணிக்கொண்டே வரும்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் மணியில்
நாற்பத்தொரு தீப்பொறி,
போகக் கூடாத வேகத்தில்.
அத்தனையும் சேர்த்தால்
ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.
நாலிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டிய கை
மூன்றில் விழுந்தால் இப்படித்தான் அலறும்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
நீலமேகம் கேட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அது நான் இல்ல.
அப்பா. கப்பலூர் தாண்டி.
முப்பது வருஷம் டிப்பர் ஓட்டின கை,
அதுபாட்டுக்கு டிப்பர் கியரப் போட்ருச்சு.
ஓரமா நிப்பாட்டி, சாவிய என் மடியில எறிஞ்சுட்டு
டவுன் பஸ் ஏறி வந்துட்டார்.
அதுக்கப்புறம் இதுல உக்காரவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.
எழுதினேன்: வரம்பு மீறல், ஒரு முறை.
பிறகு எழுபது மணி ஓட்டம், கோளாறு இல்லை.
கியர் போட்டவர் பெயருக்கும் கட்டம் கிடையாது.

ராஜபுஷ்பம் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.
"பத்துல ஒரு நொடி.
அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் சாவியை வாங்கிக்கொண்டார்.
உத்தங்குடி பக்கம் திரும்பியதும்
எதிரே யானைமலை, படுத்த வாக்கில்.
ரிங் ரோட்டில் நாலாம் கியர் வரை கலகலவென்று பேசினார்,
ஐஸ் பார் விலை, மின்சாரக் கட்டணம், மகனின் தாடி.
ஐந்துக்குப் போகுமுன்
பேச்சும் கையும் ஒரு கணம் நின்றன.
பிறகு சரியாக விழுந்தது.

திரும்பும்போது ஏழு வேகத்தடையையும்
கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக
ஏற்றி இறக்கினார்,
லாரியிலிருந்து முழுப் பாரை இறக்குகிற மாதிரி.

அவர்கள் ஒன்றரை, மூன்று என்று இழுத்துக்கொண்டிருந்தபோதே
எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஜிபேயில் வந்துவிட்டது.
பத்து மணிக்குத் திருநகரில் ஒரு ஆல்டோ.
லேப்டாப் வேண்டியதில்லை.
பட்டதெல்லாம் தகரத்திலேயே இருக்கும்.