பதினாறு எழுத்து

கொழும்பு வங்கியொன்று கழித்துவிட்ட சேவர்,
நெல் கொண்டுபோன லொறியில் திரும்பி வந்தது.
மூடியைக் கழற்றினேன்.
காற்றாடிக்குக் கீழே பல்லிமுட்டை, உடையாமல்.
அதை யன்னல்கட்டில் வைத்துவிட்டுத்தான்
அட்டையைச் செருகினேன்.

கிளிநொச்சி, காணிக் கிளையின் பின்னறை.
குளிரூட்டி சொட்டுகிறது, கீழே பெயின்ற் வாளி.
ஸ்கான் பண்ணிய பெர்மிட்டுகள் நாலு லட்சம் பக்கம்
நாலு கணினியில் சிதறிக் கிடக்கின்றன.
எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டி
ஒளிநாரில் நாலு பங்கு பிரிக்க வேண்டும்.
மூன்று நாள் தந்தார்கள்.

முதல் நாள் முழுக்க ஒன்றுமில்லை.
இந்தப் பக்க அட்டை கேட்கிறது: ஆர் இருக்கிறியள்?
அந்தப் பக்க அட்டையும் கேட்கிறது: ஆர் இருக்கிறியள்?
ஒரே கதவை உள்ளே நின்று ஒருவரும்
வெளியே நின்று ஒருவரும்
தட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.
கேட்க மட்டும் பழகி வந்த சாமான்.
கொடுக்க வைக்க ஒரு வரி எழுத வேண்டும்:
கேட்பதை நிறுத்து.
பிறகு அணைத்து எழுப்ப வேண்டும்.

அந்த நிலைக்குக் கையேட்டில் பெயர் 'டார்கெட்'.
லேபலைத் தமிழில் ஒட்டச் சொன்னார் திலகசீலன் ஐயா.
'இலக்கு' என்று எழுதினேன்.
பார்த்தேன்.
வெட்டினேன்.
இந்த ஊரில் ஒரு கூரைக்குக் கீழே
அந்தச் சொல்லை நான் ஒட்டமாட்டேன்.
'தருவது' என்று எழுதினேன்.
சொல் சரியில்லையே பிள்ளை என்றார்.
கிடக்கட்டும்.

இரண்டாம் நாள் வெளிச்சம்.
நாரின் நுனியைக் கண்ணால் பார்க்கக்கூடாது,
பார்த்தாலும் தெரியாது.
கைபேசிக் கமெராவை நீட்டினால்
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.
சொல்லும் இழையைச் சொல்லும் இழையோடு
செருகி வைத்திருந்தேன்.
மாற்றிக் குத்த, பச்சை எரிந்தது.
"கதைக்குதோ?" என்றான் றெஜிநோல்ட்.
"ஆள் இருக்குது. பேர் பிடிபடேல்லை."

பேர் என்றால் பதினாறு எழுத்து,
எண்ணும் ஆங்கிலமும் கலந்து,
வேறெந்த அட்டைக்கும் இல்லாதது.
பட்டியலில் பேர் இருந்தால் வட்டு திறக்கும்.
இல்லாத ஆளுக்கு
அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது.
வெறுஞ்சுவர்.
'பி' வரவேண்டிய இடத்தில் எட்டை அடித்திருக்கிறேன்.
நாலு மணித்தியாலம்.

சுவருக்கு அந்தப் பக்கம் முன்னறை.
"பெர்மிட்டில வள்ளிப்பிள்ளை. ஐசியில வல்லிப்பிள்ளை."
"ரெண்டும் நான்தான் தம்பி."
"தெரியும் அக்கா. ஆனா கடதாசிக்கு ரெண்டு ஆள்."
முழங்காவிலில் இருந்து மூன்றாம் தரமாம்.
அவ சத்தம் போடவில்லை.
பையின் சிப்பை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எட்டை அழித்தேன்.
'பி'.
"வந்திட்டுது!" றெஜிநோல்ட் கத்தினான்,
"ரெண்டு ரெரா, வெறுமையா!"
எனக்கு ஒரு விசை போதுமாயிருந்தது.
அவவுக்குச் சத்தியக்கடதாசி, ஜிஎஸ்,
பிறகு டிஎஸ், பிறகு வேறொரு செவ்வாய்க்கிழமை.

அன்றிரவு கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது.
காலையில் வட்டும் இல்லை, பேர்களும் இல்லை.
எல்லாம் சொல்லிக்கொடுத்த நான்
இதை நினைவில் வை என்று மட்டும்
சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

கொப்பியை விரித்து மறுபடி அடித்தேன்,
ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து,
நாலு பேரையும்.
சேமி.
இன்னொருமுறை: சேமி.

முதல் கோப்பாக ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பம்
என்றான் றெஜிநோல்ட்.
நான் முழங்காவில் கட்டைத் தேடினேன்.
அரை ஏக்கர், வடக்கே வாய்க்கால்,
கிழக்கு எல்லையில் மை கரைந்திருந்தது.
'ள்' போட்டு ஒரு பேரில் வைத்தேன்.
'ல்' போட்டு இன்னொரு பேர் எழுதி
அதே பக்கத்துக்குத் தொடுத்துவிட்டேன்.
எதைத் தட்டினாலும் அந்த அரை ஏக்கர்தான் திறக்கும்.
சட்டத்துக்கு இது கணக்கில்லை, தெரியும்.
ஒருவரும் கேட்கவுமில்லை.

வாளி நிரம்பியிருந்தது.
தூக்கிக்கொண்டு முன்னறை வழியாகப் போனேன்.
வழி விட்டார்கள்.