வாடகை ட்ரம்ஸுக்குள் ஒரு தலகணி

தெஹிவளையில் துவான் சமீனின் கடையில்
வாடகைக்கு ஒழுங்கான ட்ரம்ஸ் ஒன்றுதான்.
வெள்ளி இரவு கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் ஜாஸ்.
சனி இரவு கல்கிசை பாரில் ரொக்.
நல்ல பேஸ் வாசிப்பவனும் அப்போது
இந்தக் கரையில் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொள்வேன்.
மலிவான ஒருத்தன் என்பார் சமீன்.
ஆகவே இரண்டு இரவும் நான்,
இரண்டு இரவும் அதே ட்ரம்ஸ்,
காலி வீதி நெடுக ஓட்டோவில்
என் மடியில் ஸ்நேர்.

மெர்வின் ஓல்மஸ் வந்ததும் முதலில்
பேஸ் ட்ரம்மின் வயிற்றுக்குள் கைவிட்டுத்
தலகணியைப் பிடுங்குவார்.
பூப்போட்ட உறை, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை.
"படுக்கவா வாறான் அவன்?
ட்ரம் மூச்சு விட வேண்டாமா?"
பிறகு கதிரையை உயர்த்துவார்.
சாவியால் தோலைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார்.
"ரொக்காரன் வாசிக்கிறதில்லை, தம்பி.
பலகை அடிக்கிறான்.
எட்டு மணிக்கு அடிச்ச ஆணியை
பன்னிரண்டு வரைக்கும் அடிக்கிறான்."

சனிக்கிழமை கிரிஷாந்தன்
எல்லாவற்றையும் திரும்பப் பிழையாக்குவான்.
அவனைக் கேட்டால், சரியாக்குவான்.
கதிரை இறங்கும். தோல் தளரும்.
தலகணி உள்ளே போகும்,
பிள்ளையைக் கிடத்துவது போல.
"உங்கட கிழவர் ட்ரம்ஸ் வாசிக்கிறாரா,
கண்ணாடி துடைக்கிறாரா?
முதல் அடி எங்கே எண்டு கேட்டால்
ஊரெல்லாம் சுத்தி வந்து
எங்களையே கேப்பார்."

நான் நடுவில் நிற்பவன்.
ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொன்னதில்லை.
வாயால் சொன்னதில்லை.
விரல் சொல்லியிருக்கலாம்.
வெள்ளிக்கிழமை நாலு கம்பியில் நடந்த நடை
சனிக்கிழமையும் ஒட்டிக்கொண்டு வரும்,
சுங்கம் பார்க்காத சரக்கு.

மார்ச்சில்தான் கவனித்தேன்.
கிரிஷாந்தனின் இடது கை
பெரிய அடிகளுக்கு நடுவில்
எதையோ முணுமுணுத்தது.
முன்மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.
சுளகில் அரிசி நகர்வது போல
ஸ்நேரின் அடியில் ஒரு சின்னச் சத்தம்.
"என்ன அது?"
"எது?"
"ரெண்டுக்கும் மூண்டுக்கும் இடையில."
"கை வழுக்கினது" என்றான்.
அதன்பிறகு எல்லாப் பாட்டிலும்
அதே இடத்தில் வழுக்கியது.

ஏப்ரலில் ஓல்மஸ் கதிரையை உயர்த்தவில்லை.
முழங்கால் நோவாம்.
மே மாத மழையில், பாதி மேசை வெறுமையாக,
ஒரு மெதுவான பாட்டின் முடிவில்
அவருடைய வலது கால் இறங்கியது,
எழுபது வயதுக் காலுக்கு இல்லாத பாரத்தோடு.
பியானோவிலிருந்து ஷெரின் திரும்பிப் பார்த்தாள்.
பார்மேன் கிளாஸைப் பிடித்துக்கொண்டான்.
ஓல்மஸ் முகட்டைப் பார்த்தார்,
மேல்மாடியில் யாரோ எதையோ
போட்டுடைத்துவிட்டார்கள் என்பது போல.

இருவரும் சந்தித்தது ஒரு ஞாயிறு, சமீனின் கடையில்,
பத்து நிமிஷம். இசை பற்றி ஒரு சொல் இல்லை.
குச்சி விலை, டொலர் விலை,
கோச்சி ஏன் இப்போது வெள்ளவத்தையில்
இவ்வளவு நேரம் நிற்கிறது.
பிறகு தனித்தனியே என்னிடம் சொன்னார்கள்:
"ஆள் பரவாயில்லை.
வாசிக்கத்தான் தெரியாது."

ஜூனில் ஒரு வெள்ளி.
வழக்கம்போல ஓல்மஸ் உள்ளே கைவிட்டார்.
கை தேடியது.
இன்னும் கொஞ்ச நேரம் தேடியது.
உறை தோய்க்கவென்று கிரிஷாந்தன்
தலகணியை வீட்டுக்குக் கொண்டுபோனதும்
மழைக்கு அது ஊறி நாறுவதும்
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
ஒரு தரம் மிதித்துப் பார்த்தார்.
சத்தம் கதவைத் தாண்டிப் போய்
திரும்பி வரவே இல்லை.
இதைத்தானே இவ்வளவு நாளும் கேட்டீர்கள்
என்று நான் சொல்லவில்லை.
கோட்டைக் கழற்றி நாலாக மடித்து
ட்ரம்முக்குள் வைத்தார்.
அன்றிரவு சட்டையோடு வாசித்தார்.
கோட்டை மறந்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கிரிஷாந்தன் அதை வெளியே இழுத்தான்.
பூச்சி உருண்டை மணம்.
கீழ்ப்பையில் ஒரு பல்லுக்குத்தி.
என்னைப் பார்த்தான். நான் கம்பியை முறுக்கினேன்.
மடிப்புக் கலையாமல்
திரும்ப உள்ளே வைத்துவிட்டுச் சொன்னான்:
"என்ன செய்ய,
தலகணி இன்னும் காயேல்லை."