ஏழாம் படுக்கை

ஆறு நாள் பயணத்துக்கு அவர்கள் கட்டும் பணத்தில்
கயிறு இழுக்கும் உரிமையும் அடக்கம்.
அதே கயிற்றை இழுக்க எனக்குச் சம்பளம்.
முதல் நாள் காலை உணவின்போது இதைச் சொல்வேன்.
சிரிப்பவர்களுக்கு இரண்டாவது முட்டை.

கப்பலின் பெயர் ரூன்ஹில்டு. நூற்றுப் பதினான்கு வயது.
ஹெர்ரிங் பீப்பாய்கள், பிறகு சிமெண்டு,
ஒரு போர்க்காலத்தில்
இன்னதென்று எவரும் எழுதிவைக்காத ஏதோவொன்று
எல்லாம் சுமந்தவள்.
இப்போது பன்னிரண்டு படுக்கைகள் சுமக்கிறாள்.
மழை வந்தால் ஏழாவது ஒழுகும்.
சிரித்தவர்களுக்கு நாங்கள் ஏழைக் கொடுப்பதில்லை.

சமையல் என்னுடையது.
கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
அடுப்பு மட்டும் நிமிர்ந்தே தொங்கும்.
நார்வே முழுவதிலும் நான் நம்பும் ஒரே பொருள் அது.

இந்த ஜூனில் சிரிக்காதவள் எல்ட்பியோர்க்.
பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருடமாய் ஒரே தடம்,
துறைமுகத்திலிருந்து மலைக்கு அந்தப்பக்கத்து ஊருக்கு
நாளுக்கு நான்கு நடை,
நடுவில் பதினோரு கிலோமீட்டர் சுரங்கம்.
"இந்த ஃபியோர்டு பழக்கமா?" என்றார் கேப்டன் டோர்கில்.
"பழக்கம்தான்.
உள்ளேயிருந்து."

மூன்றாம் நாள் நல்ல காற்று.
பெரிய பாயை ஏற்றும்போது மற்றவர்கள்
தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டு இழுத்தார்கள்.
இவள் பாயின் எடை எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு இழுத்தாள்.
இருபுறமும் மலை செங்குத்தாய் இறங்கி
நீரைத் தொட்ட பிறகும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போயிற்று,
ஆழமானியின் எண்கள் அலுத்துப்போகும்வரை.

அப்போது வந்தது அந்தப் பதினாறு மாடி.
ஒலிபெருக்கி அருவியின் உயரத்தை மூன்று மொழிகளில் சொல்ல,
பால்கனி பால்கனியாய் எங்களைப் படமெடுத்தார்கள்.
போகிறபோது காற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.
பாய் தொங்கிவிட்டது,
துவைத்துப் போட்ட படுக்கை விரிப்பு மாதிரி.

டோர்கில் இயந்திர அறைக் கதவைப் பார்த்தார்.
பாய்க்குத்தான் பணம் கட்டினோம் என்று
யாரோ ஒரு பல் மருத்துவர் முணுமுணுத்தார்.
மிதந்தோம். ஒரு மணி நேரம், அதற்கும் மேலே.
நான் தளத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

எல்ட்பியோர்க் வரைபடத்தில் கட்டைவிரலால் அளந்தாள்.
மலையைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.
"இங்கேதான். ஏழாவது கிலோமீட்டர்.
ஓட்டுநர்கள் தூங்கிவிடாமலிருக்க
அங்கே நீல விளக்குப் போட்டிருப்பார்கள்.
ஒரு பிப்ரவரியில் வண்டி நின்றுபோயிற்று,
நாற்பது நிமிடம், ஒன்பது பயணிகள்.
ஒரு பையன் கேட்டான்,
இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று.
கல் என்றேன்.
அதற்கும் அந்தப்பக்கம் என்றான்.
அதுவும் கல்தான் என்றேன்."

சுவருக்கு அந்தப்பக்கம்
ஒரு வெடிப்பிலிருந்து கிளம்பி வளைந்த பிர்ச் மரம்.
அதன் கீழே, எப்படி ஏறியதென்றே தெரியாமல், ஓர் ஆடு.
நூலளவு அருவி ஒன்று
பாதி வழியிலேயே காற்றில் கரைந்து
நீருக்கு வந்து சேராமல்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.
"ஆர்னுல்ஃப் இப்போது உள்ளே இருப்பான்."
தொலைபேசியை எடுத்தவள் தானாகவே மடியில் வைத்துவிட்டாள்,
சுரங்கத்தில் சிக்னல் கிடையாது என்று
அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.
எழுந்து அணியத்துக்குப் போய்
கேப்டனிடம் கேட்காமலே
மூடுபனி மணியின் கயிற்றைப் பிடித்தாள்.

மூன்று அடி.
மலை மூன்றையும் திருப்பிக் கொடுத்தது, சற்றுத் தாமதமாக.
ஆடு தலையைத் தூக்கியது. அவ்வளவுதான்.
உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது.
என் கானாங்கெளுத்தி கீழே கருகிக்கொண்டிருந்தது,
எனக்கும் அது தெரியவில்லை.

அன்றிரவு மழை.
பாத்திரத்தோடு ஏழாம் படுக்கைக்குப் போனேன்.
விழித்துதான் இருந்தாள். வேண்டாமென்றாள்.
"மலைக்குள்ளும் இப்படித்தான் சொட்டும்.
வைப்பரை ஒருமுறை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்."

காலையில் அவள் தட்டில் இரண்டு முட்டை வைத்தேன்.
சிரிக்கவில்லை.
உப்பு கேட்டாள்.