நூற்று ஏழு டெசிபல்

நேற்றிரவே காலி செய்துவிட்டேன்:
குடை, தள்ளுவண்டிக்கான ஒற்றைப் பவுண்டு,
நாயின் போர்வை, நாய் செத்த பிறகும்.
பின்சீட்டைக் கழற்றி வரவேற்பறையில் போட்டேன்.
அதில் சாய்ந்து டீ குடித்தபடி
"இது கார் இல்லை, கடன்" என்றான் கெத்தின்.

ரெக்ஸமில் பொய்ப்பற்கள் செய்வது என் வேலை.
மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பிசகினாலும்
யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக் கறியை
மெல்ல முடியாமல் என்னைத் திட்டுவார்.
அந்தக் கைகளால்தான் இந்தப் பழைய கிளியோவைப் பிரித்தேன்.
ஸ்பிரிங்கை நாற்பது மில்லி இறக்கினேன்.
காற்றை விழுங்கக் கார்பன் பெட்டி,
துப்புவதற்கு என் முழங்கைப் பருமனில் ஸ்டீல் குழாய்.
பிரேக் திரவத்தை மட்டும்
அடுத்த சம்பளத்துக்குத் தள்ளினேன்.

ஆங்கிள்சியின் மேற்குக் கரை.
மே மாதம் என்று கடலிடம் யாரும் சொல்லவில்லை.
சத்தம் அளப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
முக்கால்வாசி மிதிக்கச் சொன்னார்.
மிதித்தேன். கடற்காகங்கள் எழுந்தன.
நூற்று ஏழு.
எல்லை நூற்றைந்து.
"அழகான சத்தம்" என்றார் வருத்தமாக,
"வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

பக்கத்தில் ஒரு நிசான் மைக்ரா,
ஐஸ்கிரீம் நிறம், ஓர் ஆணிகூட மாற்றாதது.
டயரில் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தபால்காரி லோவ்ரி
டிக்கியைக் குடைந்து ஓர் அடைப்பானை நீட்டினாள்,
போன வருடம் விற்ற காருடையதாம்.
"ஒரு மணிக்குத் திரும்ப வேணும்."
என் நாலு மாதச் சம்பளத்தின் வாயில்
துணியை அடைத்ததுபோல
நூற்று இரண்டு.
மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள்.

முதல் மூன்று சுற்று வழிகாட்டிக் காரின் பின்னால்,
கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி.
பிறகு கொடி.

வேகத்தை எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
நெடுஞ்சாலையில் அது முள்ளில் இருக்கும்.
இங்கே கழுத்தின் ஒரு பக்கத்தில் இருந்தது,
விலா எலும்பில், கடைவாயில்.
கடல் முன்கண்ணாடி வழியே நுழைந்து
பக்க ஜன்னல் வழியே வெளியேறியது.
கத்தினேன், வெல்ஷில், ஹெல்மெட்டுக்குள்.
அதை அளக்க ஆளில்லை.

கண்ணாடியில் ஐஸ்கிரீம் நிறம்.
முதலில் புள்ளி, அப்புறம் முகம்.
இண்டிகேட்டர் போட்டு வழிவிட வேண்டியதாயிற்று.
கதவில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போவதுபோல்
கையசைத்துப் போனாள்.

விடுவேனா.

ஆறாம் சுற்று. இறக்கத்தின் அடியில் வலப்பக்கத் திருப்பம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
விட்டேன்.
மிதி போனது,
போனது,
தரைவரைக்கும் போனது.
அங்கே ஒன்றுமில்லை.

ஸ்டியரிங்கை நேராக்கினேன். புல். சரளை.
டயர்ச் சுவர் மிக மெதுவாக என்னிடம் வந்து
ஒரு முழம் தள்ளி நின்றது.
கருகிய மீன் மாதிரி ஒரு நாற்றம்.
வேலிக்கு அப்பால் ஒரு செம்மறி.
மேல்வரிசையில் முன்பற்களே இல்லாமல்
எவ்வளவு நேர்த்தியாக மென்றுகொண்டிருந்தது!

இழுத்து வந்தார்கள்.
"கைப்பிரேக் போடாதே, ஒட்டிக்கும்"
சக்கரத்தடியில் ஒரு கல்லை உதைத்துவிட்டு
லோவ்ரி கையை நீட்டினாள்.
ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.
அடைப்பானைக் கையுறையோடு கொடுத்தேன், கொதித்தது.

பிறகு யாரோ விற்ற ஒரு லிட்டர் திரவம்.
அவள் உள்ளே மிதிக்க, நான் கீழே படுத்துக் காற்றை எடுத்தேன்.
மிதி. பிடி. விடு.
மிதி. பிடி. விடு.
ஒரு மணி நேரம் இந்த மூன்றே சொற்கள்.
இவ்வளவு காது கொடுத்து
யார் பேச்சையும் நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியெல்லாம் முப்பதில் வந்தேன், நூற்று ஏழோடு.
ஊருக்கு ஊர் திரைச்சீலைகள் விலகின.
சக்கர வளைவில் சரளை ஒன்று டொக் டொக்கென்றது,
எடுக்கவில்லை.

வரவேற்பறையில், பின்சீட்டில்,
கெத்தின் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கை தானாகப் பெல்ட்டைத் தேடியது.